கேட்டாண்ட நின்ற அம்மா

எங்கள் விடுதியில், வார்டன் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய தகரப் பெட்டி இருந்தது. அதில் வெள்ளைக் கவுன்கள் இருந்தன. விருந்தினர் வரும் நாளில் காலையில் அந்தப் பெட்டி திறக்கும். அந்துருண்டை வாசனை கூடம் முழுக்கப் பரவும். ஆளுக்கொன்றாக எடுத்து மாட்டிக்கொள்வோம். அளவு பார்க்க நேரம் இருக்காது. எனக்கு ஒரு வருஷம் தோள் இறங்கிய கவுன், அடுத்த வருஷம் அக்குள் பிடித்த கவுன். விருந்தினரின் கார் திரும்பிப் போனதும் கழற்றி மடித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை நான் அதில் குழம்பு சிந்திவிட்டேன் என்று மணிக்கட்டில் அடி விழுந்தது. இப்போதும் ஜவுளிக்கடையில் எங்காவது அந்துருண்டை வாசனை வந்தால் என் பற்கள் தாமாகக் கடிபடுகின்றன. சிலருக்குப் பள்ளிக்கூட வாசனைகள் கண்ணீரை வரவழைக்கும் என்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

திருமழிசையைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் எங்கள் பள்ளி இருந்தது. சுற்றிலும் வயல். வகுப்பறைகள் ஒரு வரிசை, நடுவில் ஜெபக்கூடம், பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பெண்கள் விடுதி, அதற்கும் பின்னால் தாளாளரின் பங்களா. சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து படித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் கொஞ்சம் பேர் விடுதியில் தங்கிப் படித்தோம். எங்களில் உண்மையிலேயே தாய் தகப்பன் இல்லாதவர்கள் இரண்டொரு பேர்தான் இருந்திருப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். என் அப்பா லாரி ஓட்டினார். அம்மா கரையான்சாவடியில் ஒரு பாத்திரக் கடையில் காலை முதல் இரவு வரை நின்றாள். வீட்டில் தனியாகக் கிடக்கும் பெண்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேதக்காரர்கள் நடத்துகிற பள்ளி, ஒழுக்கமாக வளர்ப்பார்கள் என்று நம்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

ஏனென்றால், வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வரும் நாளில் நாங்கள் எல்லாரும் அநாதைகளாகிவிடுவோம்.

தாளாளர் ஐயா இதை ஒளித்துமறைத்துச் செய்யவில்லை. முந்தின வாரமே ஜெபக்கூடத்தில் எங்களை உட்காரவைத்து, நல்ல கணீரென்ற குரலில் விளக்குவார். ‘உங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது. கேட்டால், ஆண்டவரைத் தவிர எங்களுக்கு யாருமில்லை என்று சொல்லுங்கள். அது பொய்யல்ல. யோசித்துப் பார்த்தால் எல்லா மனிதருமே அப்படித்தான்.’ அந்த ‘யோசித்துப் பார்த்தால்’ என்ற சொல்லை நான் எத்தனையோ வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பதைக் காலை ஜெபத்தில் தினமும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னவரும் அவரே. அன்றைய நாளுக்கு அம்மா அப்பா யாரும் வரக் கூடாது என்று முன்கூட்டியே வீடுகளுக்குச் சொல்லிவிடுவார்கள். காரணம் கேட்டால், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பார்கள்.

சின்னப் பிள்ளைகள் பாடினால் போதும். பெரிய பெண் ஒருத்தி மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். நான் ஏழாவது படித்தபோது சாட்சி சொல்கிறவளாக இருந்தவள் பாடி அக்கா.

அவள் பத்தாவது. அம்பத்தூர்ப் பக்கம் பாடி என்ற ஊரிலிருந்து வந்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் பாடி அக்காதான். அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பாடியில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தாள்; தகடு வைத்து அமுக்கி எடுக்கிற வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். அக்காவுக்கு அந்த ஊர்ப் பேச்சு வாயை விட்டுப் போகவே இல்லை. ‘இன்னா’ என்று சொன்னதற்காக ஸ்கேலால் உள்ளங்கையில் வாங்குவாள். வாங்கிவிட்டு வந்து ‘இன்னா அடி அடிக்கிறாங்கடி’ என்பாள். ஆனால் இங்கிலீஷைக் கேட்ட மாதிரியே திருப்பிச் சொல்லிவிடும் காது அவளுக்கு. குரலும் அழகு. அதனால்தான் தாளாளர் அவளைப் பிடித்தார். அவரே எழுதிக் கொடுத்த சாட்சியை அவள் ஒன்பதாவதிலிருந்து சொல்லிவந்தாள். தெருவில் கிடந்தவளை இந்தப் பள்ளி எடுத்து வளர்த்தது, அம்மா முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாது என்று போகும் அது.

அதைச் சொல்லிவிட்டு வந்து எங்களிடம் சிரிப்பாள். ‘நம்பள தெருவுல பொறுக்கிகினு வந்தாங்களாம்டி. இத்த எங்கம்மா கேட்டுச்சுன்னா, செருப்ப எடுத்துகினு வரும்.’ நாங்களும் சிரிப்போம். ஆனால் அவள் அன்றிரவு சாப்பிடமாட்டாள். ‘நீ துன்னுடி’ என்று தட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் விருந்தினர் வந்தது முழுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால். வெயில் ஏறிய காலை. மைதானத்தில் ஷாமியானா போட்டு, மேடையை கேட்டைப் பார்த்த மாதிரி அமைத்திருந்தார்கள். விருந்தினர் முன்வரிசையில், கேட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மேடையின் ஓரத்தில், பாடி முடித்த களைப்பில் நின்றிருந்தோம். பாடி அக்கா மைக்கின் முன்னால் வந்து, வணக்கம் சொல்லி, இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

கம்பிக் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றதை நானும் பார்த்தேன். நீலச் சேலை. ஒரு கையில் பெரிய வெள்ளைக் கட்டு. அந்தக் கையை நெஞ்சோடு அணைத்தபடி, மறு கையால் கேட்டைத் தட்டினாள். வாட்ச்மேன் ஓடினார். நான் யாரோ என்று நினைத்தேன். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் முகம் தெரியாது என்ற வாக்கியத்தின் நடுவில் அவள் நின்றுபோனாள்.

தாளாளர் பக்கத்தில் நின்றிருந்தார். மறந்துவிட்டாள் என்று நினைத்து அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் சொல்லவில்லை. மைக்கிலேயே, தமிழில், ‘எங்கம்மா கேட்டாண்ட நிக்குது’ என்றாள்.

விருந்தினருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள், இவள் என்ன சொன்னாள் என்று தாளாளரைப் பார்த்துக் கேட்டாள். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்த வேகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தி, இங்கிலீஷில் சொன்னார்: இவளுடைய தாய் பரலோகத்தின் வாசலில் நின்று இவளுக்காகக் காத்திருக்கிறாளாம்.

மதர், கேட், ஹெவன். மூன்றும் நான் டிக்டேஷனில் எழுதிய சொற்கள். அவற்றில் ஒன்றை அவராகச் சேர்த்துக்கொண்டார் என்பது ஏழாவது படிக்கிற எனக்கே விளங்கிவிட்டது. அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர் போட்டோ எடுத்தார்.

அக்காவுக்கும் விளங்கியது. அவள் கையை நீட்டி, ‘நோ! திஸ் கேட்! மை மதர், திஸ் கேட்!’ என்று கத்தினாள். விருந்தினர் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டில் யாருமில்லை. அதற்குள் வாட்ச்மேன் அவள் அம்மாவை உள்ளே தள்ளி, பக்கத்து மோட்டார் ரூமில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் உள்ளிருந்தவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. வெறும் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய விருந்தினர், இந்தப் பிள்ளைக்குத் தரிசனம் கிடைத்துவிட்டது என்பதுபோல இன்னும் உருகிப்போய் அவளைப் பார்த்தார்கள். அக்கா மேடையிலிருந்து குதித்து ஓடினாள். வார்டன் அம்மாவும் கணக்கு டீச்சரும் பாதிவழியில் பிடித்துக்கொண்டார்கள். தாளாளர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நாங்கள் மறுபடி பாட வேண்டும். பாடினோம்.

விருந்தினரின் கார்கள் போன பிறகுதான் மோட்டார் ரூமைத் திறந்தார்கள். அவள் அம்மா மெஷினில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்திருந்தாள். செய்தி யார் வாயிலிருந்தோ மகளுக்குப் போய்ச் சேருமுன் தானே நேரில் வந்து காட்டி, ஒன்றுமில்லை பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள். அதைச் சொல்லக்கூட அவளை விடவில்லை. பங்களா வராந்தாவில் அவளை நிற்கவைத்து, தாளாளர் என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பேச்சு முடிந்ததும் ஜெபம் செய்தார். அது மட்டும் கேட்டது. அன்றைக்கே பாடி அக்காவின் டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நல்ல கையால் ஒருமுனையில் அம்மாவும், மறுமுனையில் மகளுமாக அதைத் தூக்கிக்கொண்டு மண்பாதையில் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள். அவளுக்கு ஹால் டிக்கெட் தரவில்லை. அந்த வருஷம் அவள் பத்தாவது பரீட்சை எழுதவில்லை.

கணக்கு டீச்சர் மறுநாள் பத்தாம் வகுப்பில் வழக்கம்போலக் கணக்குப் போட்டார். அக்காவின் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பற்றி ஒரு பெரிய மனிதர்கூட ஒரு சொல் பேசவில்லை. நான் விடுமுறையில் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். ‘படிப்பு நல்லா சொல்லித் தராங்க இல்ல? வாய மூடிகினு படிச்சிட்டு வா’ என்றார். தாளாளரிடம் எனக்கு இருக்கும் கோபம் பெரிது. ஆனால் அவர் ஒருவராக இதைச் செய்திருக்க முடியாது. தாழ்ப்பாள் போட்ட வாட்ச்மேன், கையைப் பிடித்து நிறுத்திய டீச்சர், கண்ணீரைத் துடைத்துவிட்டு அடுத்த வருஷமும் வந்த அந்த அம்மாள், வாயை மூடிக்கொள்ளச் சொன்ன என் அப்பா. ஒரு பொய் நிற்பதற்கு எத்தனை பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது!

நானும் பத்தாவது முடித்து வெளியே வந்தேன். கல்லூரி, கம்ப்யூட்டர் வேலை, கல்யாணம், பூந்தமல்லியில் ஒரு அடுக்குமாடி வீடு என்று வாழ்க்கை ஓடியது. பல வருஷம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் யாரோ என் தோளைத் தட்டி, ‘இன்னாடி, கண்ணு தெரியலயா?’ என்றபோது குரலை வைத்தே கண்டுபிடித்தேன். பாடி அக்கா தனித்தேர்வு எழுதிப் பத்தாவது முடித்திருந்தாள். அதற்குமேல் படிக்கவில்லை. துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் ஆரம்பித்து, இப்போது ஒரு வரிசைக்கு சூப்பர்வைசர். கல்யாணம் நிலைக்கவில்லை. அம்மாவும் அவளுமாகப் பாடியில் அதே தெருவில் இருந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தொடர்பு விட்டுப்போகவில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றி மட்டும் அவள் பேசமாட்டாள். நான் எடுத்தால், ‘அத்த வுடுடி’ என்பாள்.

சமீபத்தில் என்னுடன் படித்த ஒருத்தி போன் செய்தாள். விடுதியில் இருந்தவள் அல்ல. சைக்கிளில் வந்து போனவள். தாளாளர் ஐயாவுக்கு எண்பது வயதாகிறதாம், பாராட்டு விழா எடுக்கிறார்களாம். விடுதியில் வளர்ந்து முன்னுக்கு வந்தவள் என்று நான் மேடையில் பேச வேண்டுமாம். நான் பேசினால் என்ன பேசுவேன் என்று அவளிடம் சொன்னேன். 

‘அதெல்லாம் எப்பவோ நடந்தது. அவருக்கும் வயசாயிடுச்சு. மன்னிச்சிட வேண்டியதுதானே? அதைத்தானே நமக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?’ என்றாள்.

ஆமாம், அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அடி வாங்கியவர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அடித்தவர் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பாடம் எந்த வகுப்பிலும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. கேட்காதவருக்கு மன்னிப்பைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் நான் கல்நெஞ்சுக்காரி. போனை வைத்துவிட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரே பாடிக்குப் போனேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். காது கொஞ்சம் மந்தம் என்று நினைத்து நான் தாராளமாகவே பேசிவிட்டேன். விழா, போன், மன்னிப்பு, பரலோக வாசல் எல்லாவற்றையும். அக்கா கண்ணைக் காட்டினாள். நான் கவனிக்கவில்லை. டி.வி. சத்தம் நின்றது.

‘இன்னா சொன்ன? எந்த வாசல்?’ என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: இத்தனை வருஷமாக அவளுக்கு எதுவும் தெரியாது. மகள் மேடையில் அம்மா இல்லை என்று சொல்லிவந்ததும் தெரியாது, அன்றைக்கு அதைச் சொல்ல மறுத்ததும் தெரியாது. ‘நீ வரக் கூடாத நாளில் வந்தாய், உன்னால்தான் உன் பிள்ளை அடங்காமல் போயிற்று, உன்னால்தான் அவள் படிப்பு போகிறது’ என்று வராந்தாவில் வைத்து தாளாளர் சொல்லியிருக்கிறார். அதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். ‘அன்னிக்கு நான் போகாம இருந்திருந்தா எம்பொண்ணு டாக்டராகூட ஆயிருக்கும்னு நெனைக்காத நாள் இல்ல கண்ணு’ என்றாள் என்னிடம். அக்காவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அம்மா இல்லை என்று தன் வாயால் சொன்னது தெரிந்தால் அவள் உடைந்துபோவாள் என்று மகள் மறைத்தாள். தன்னால்தான் படிப்பு போனது என்ற நினைப்பை அம்மா மறைத்தாள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பாரத்தைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். சுமக்க வேண்டியவர் பங்களாவில் பாராட்டு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

‘அன்னிக்கு நீ என்னிய பாத்தியா?’ என்று அம்மா மகளைக் கேட்டாள்.

‘பாத்தேம்மா. அதான் குதிச்சி ஓடியாந்தேன். புடிச்சிகினாங்க.’

அம்மா தன் விரலில்லாத கையைத் தடவிக்கொண்டாள். பிறகு எழுந்து, கொடியிலிருந்து நல்ல சேலையை எடுத்தாள். ‘அந்தாளு இன்னும் உசுரோட கீறான் இல்ல? வண்டி கூப்புடு’ என்றாள்.

அக்கா வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். அம்மா கேட்கவில்லை. என் காரிலேயே போனோம். பள்ளிக்குப் புதிதாக உயரமான கட்டடங்கள் வந்திருந்தன. வயல்கள் இருந்த இடத்தில் வீட்டு மனைகள். பங்களா மட்டும் அப்படியே இருந்தது. தாளாளரின் மருமகள் எங்களைப் பழைய மாணவிகள் என்று வரவேற்று உள்ளே உட்காரவைத்தாள். அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். உடம்பு வற்றிவிட்டது. குரல் மட்டும் பழைய குரலின் மிச்சமாக இருந்தது.

அக்கா தான் யாரென்று சொன்னாள். அவருக்கு நினைவில்லை. ‘எத்தனையோ பிள்ளைகள் அம்மா, எல்லாரையும் எப்படி நினைவு வைக்கிறது? எல்லாம் ஆண்டவர் கிருபை. ஜெபம் பண்ணலாமா?’ என்றார். அவர் நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. ஒருத்தியின் படிப்பை, இன்னொருத்தியின் நிம்மதியை எடுத்துவிட்டு, அது எதுவும் மனதில் தங்காமல் நிம்மதியாக வயதாகியிருந்தார். 

அக்காவின் அம்மா அவர் எதிரில் போய் நின்றாள். ‘ஜெபம் வாணாம். எம்பொண்ணுக்கு அம்மா இல்லன்னு சொன்னியே, நாந்தான் அந்த அம்மா. பரலோகத்துல இல்ல. அன்னிக்கு உன் மோட்டார் ரூம்ல இருந்தேன், இன்னிக்கு பாடில கீறேன். இவளுக்கு அம்மா கீதுன்னு உன் வாயால சொல்லு.’

மருமகள் பதறி எழுந்தாள். ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்க, டென்ஷன் ஆகக் கூடாது’ என்றாள். அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முழங்காலுக்கு நேராக உட்கார்ந்தாள். ‘ஆவட்டும். சொல்ற வரிக்கும் நான் இங்கயே குந்திகினு கீறேன்.’

அவர் மருமகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில், ‘இந்தப் பிள்ளைக்குத் தாய் உண்டு’ என்றார்.

‘அப்டி இல்ல. அந்த வெள்ளக்காரங்களாண்ட இங்கிலீஷ்லதான சொன்ன? இங்கிலீஷ்ல சொல்லு.’

 அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வருத்தமோ வெட்கமோ அந்த முகத்தில் நான் தேடினேன். தொந்தரவு ஒன்றைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் அவசரம்தான் இருந்தது. வகுப்பில் பாடம் வாசிக்கிறவரைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: ‘ஷி ஹேஸ் எ மதர்.’

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். ‘சரியா சொல்றானா?’

‘சரியாதாம்மா சொல்றாரு’ என்றாள் அக்கா.

‘அப்ப எழுந்து வா, ஊட்டுக்குப் போலாம்.’